பன்னிரண்டாம் வரி

மேலப்பாறைக் கல்லறைத் தோட்டத்தின் வடகிழக்கு மூலையில் ஆளுயரக் கறுப்புச் சலவைக்கல் ஒன்று நிற்கிறது. அதன் கீழே படுத்திருப்பவர் அயர்லாந்து தேசத்து எட்டாம் கில்வாரா பிரபு, ஹூபர்ட் என்று பெயர். அவர் கதையைச் சொல்லாமல் என் கதையைச் சொல்ல முடியாது. என் கதையோ நாலு பேர் முன்னால் தலை நிமிர்ந்து சொல்லும்படியாக இல்லை. அதனால் அவர் கதையில் கொஞ்சம் கூடுதலாகத் தங்கிவிட்டு வருகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

விடாமல் மழை பெய்கிற அந்த தேசத்தில், நாற்பது ஜன்னல் வைத்த கருங்கல் மாளிகையில், ஏழாம் பிரபுவுக்கு மூன்றாம் பிள்ளையாகப் பிறந்தார் ஹூபர்ட். அவருக்கு ஏழு வயதான வருஷம் நாட்டிலுள்ள உருளைக்கிழங்கு பூராவும் மண்ணுக்குள்ளேயே அழுகிப்போக, குடியானவர்கள் புல்லைத் தின்று வாயெல்லாம் பச்சையாகி மாளிகை வாசலில் வந்து விழுந்தார்கள். சாப்பாட்டு மேஜையில் இருந்த அப்பா ஜன்னல் திரையை இழுத்து மூடச் சொன்னார். பக்கத்தில் நின்ற ஏழு வயதுப் பிள்ளை இழுத்து மூடியது. மூன்றாம் பிள்ளைக்குப் பட்டமும் கிடையாது நிலமும் கிடையாது என்பதால், வளர்ந்ததும் கப்பலேறி வந்து, எங்கள் ஊருக்கு மேலேயுள்ள மலையில் காப்பித் தோட்டம் போட்டு, ஒரு பங்களாவும் கட்டிக்கொண்டார். அந்தப் பங்களாவில் எந்த ஜன்னலுக்கும் திரை இல்லை. துரை குளிப்பது ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் தெருவுக்குத் தெரியும் என்று ஊர் கேலி பேசியது.

தாது வருஷப் பஞ்சம் வந்தபோது அவர் பங்களா முற்றத்தில் ஏழு அண்டா வைத்துக் கஞ்சி காய்ச்சி ஊற்றினார். அந்தக் கஞ்சிக்கு வரிசையில் வந்து நின்ற மாடத்தி என்கிற பெண் மறுநாள் கரண்டி பிடிக்கிற பக்கம் நின்றாள், மறு மாதம் பங்களாவுக்குள் நின்றாள், மறு வருஷம், ஈஸ்வர வருஷத்தில், ஒரு பெண் குழந்தையைப் பெற்று வெள்ளையம்மாள் என்று பெயரிட்டாள். பதினொரு வருஷம் மூன்று பேரும் ஒரே மேஜையில் உட்கார்ந்து சாப்பிட்டதை ஊர் திரையில்லாத ஜன்னல் வழியாகப் பார்த்து, பேசிப் பேசிப் பிறகு பேசுவதற்கு அலுத்துப்போய்விட்டது.

அப்போதுதான் அயர்லாந்திலிருந்து கடிதம் வந்தது. மூத்த அண்ணன் குதிரையிலிருந்து விழுந்து செத்தான், இளைய அண்ணன் குடித்தே செத்தான், கடைசியில் அப்பாவும் போனார், இனி பிரபு நீர்தான், வம்சாவளிப் புத்தகத்தில் ஏற்றவேண்டும், மனைவி உண்டா, வாரிசு உண்டா என்று அதில் கேட்டிருந்தது. மூன்று நாள் அந்தத் தாளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர் நாலாம் நாள் இரண்டு கேள்விக்கும் இல்லை என்று எழுதினார். எழுதிய கையோடு, திருநெல்வேலிக்கு ஆள் அனுப்பி ஜன்னலுக்கெல்லாம் திரை வாங்கிவரச் சொன்னார். மாடத்திக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் திரைத்துணி வண்டியிலிருந்து இறங்குவதைப் பார்த்ததும் அவளுக்குக் கடிதம் விளங்கிவிட்டது, மகளைக் கையில் பிடித்துக்கொண்டு மலையிறங்கி ஊருக்குள் எந்தத் தெருவிலோ கரைந்துபோனாள். பிரபு அயர்லாந்துக்கும் போகவில்லை. இரண்டு வருஷம் திரைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்து, முகத்தில் ஏறிய சிவப்பு கடைசிவரை இறங்காமலே இறந்தார்.

கப்பலில் தூத்துக்குடிக்கும், அங்கிருந்து மாட்டு வண்டியில் மேலப்பாறைக்கும் கல் வந்தது. அதில் எட்டு வரியில் எட்டுப் பிரபுக்களின் பெயர் இருந்தது. ஒன்பதாம் வரியில், வாரிசின்றி மறைந்தார் என்று இருந்தது.

நாற்பத்தேழு வருஷம் கல் சும்மா இருந்தது. அறுபது வருஷம் சுற்றி மறுபடியும் ஈஸ்வர வருஷம் வந்தபோது, ஒரு நாள் காலையில், ஒன்பதாம் வரிக்குக் கீழே பத்தாவதாக ஒரு வரி விழுந்திருந்தது. மேலே ஒன்பதும் இங்கிலீஷ், இது தமிழ். ‘மகள் வெள்ளையம்மாள், ஈஸ்வர வருஷம்.’ யாரோ விளையாடுகிறார்கள் என்று பாதிரியார் நினைத்து ஒரு மாதம் காவல் போட்டார், பிறகு காவல்காரனுக்குச் சாப்பாடு போட முடியாமல் நிறுத்திவிட்டார். எழுத்தில் பிழை இல்லையென்று வாத்தியார் சொன்னார். வெள்ளையம்மாள் என்று ஒருத்தி எங்கே இருக்கிறாள் என்று நாலு நாள் தேடினார்கள், கிடைக்கவில்லை, அத்தோடு ஊர் அவரவர் வேலையைப் பார்த்தது.

இருபது வருஷம் கழித்து, ஹேவிளம்பி வருஷத்தில் பதினோராம் வரி விழுந்தபோதுதான் வினை வந்தது. ‘அவள் மகள் பேச்சியம்மாள், ஹேவிளம்பி வருஷம்.’ பிறந்த வருஷம் அறுபது கழித்துத் திரும்பி வரும்போது கல் பெயரைப் போடுகிறது என்று பஞ்சாங்கக்காரர் கணக்குச் சொன்னார், அது சரிதான் என்று எல்லாருக்கும் பட்டது. ஆனால் மேலப்பாறையில் அப்போது பேச்சியம்மாள் பதினாலு பேர். அந்தக் காலத்துப் பெண்களுக்கு எந்த வருஷம் பிறந்தோம் என்று என்ன தெரியும்? எந்தப் பேச்சியம்மாள் வெள்ளைக்காரன் பேத்தி என்று ஊர் பார்க்கிற பார்வை தாங்காமல், பதினாலு வீட்டு ஆண்களும் அம்மன் கோயிலில் வரிசையாகப் போய், எங்கள் வீட்டுப் பேச்சியம்மாள் இல்லை என்று கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்தார்கள். பதிமூன்று பேர் செய்தது சத்தியம். ஒருவர் செய்தது பொய்.

அதற்குப் பிறகு கல் ஊர் வழக்கத்துக்குள் வந்துவிட்டது. பேச்சியம்மாள் என்ற தாய்க்குப் பிறந்தவர்கள் அறுபது முடிகிற நாளில் விடிந்ததும் ஓர் ஆளைக் கல்லறைத் தோட்டத்துக்கு அனுப்புவார்கள், புது வரி விழவில்லை என்று ஆள் திரும்பி வந்தால் வெடி போடுவார்கள். கல்யாணப் பேச்சிலும் அது புகுந்துகொண்டது. மாப்பிள்ளை வீட்டார் வந்து இறங்கியதும் அவர்களில் ஒரு பெரியவர் போய்க் கல்லைப் பார்த்து, பெண் வீட்டுப் பெரியவர்கள் பெயர் இல்லை என்று திரும்பி வந்த பிறகுதான் தட்டு மாற்றுவார்கள். கல்லைப் பார்த்தாச்சா என்று கேட்டால் எங்கள் ஊரில் சம்பந்தம் முடிந்ததா என்று அர்த்தம். ஊர்க்காரர் யாரும் வாய் திறந்து எதுவும் சொல்ல மாட்டார்கள். சம்பந்தத்தைக் கலைக்கிற வாயில் புழு வைக்கும் என்று பயம், தவிர கல்லே சொல்லும்போது நாம் எதற்கு என்கிற சௌகரியம். ஒருமுறை தாலுகா ஆபீசில் பிறப்புப் பதிவேட்டைக் கரையான் தின்றபோது, கில்வாரா வம்சத்தைப் பொறுத்தவரை கல்லே செல்லும் என்று ஓர் அதிகாரி எழுதியும் வைத்தார்.

இனி நான். என் பெயர் குற்றாலிங்கம். பதிவு ஆபீசுக்கு எதிரே வேப்பமரத்தடியில் பெஞ்சு போட்டுப் பத்திரம் எழுதுகிறவன். இன்னார் குமாரர் இன்னார் என்று ஆயிரக்கணக்கான பத்திரம் எழுதியிருக்கிறேன், ஊரில் நிச்சயதார்த்தம் என்றால் லக்கினப் பத்திரிகை எழுதி உரக்க வாசிக்கவும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். பாட்டனார், தகப்பனார், பிள்ளை என்று மூன்று தலைமுறையை நான் வாசிக்கிற வாசிப்பில் சமையல்கட்டில் சாம்பார் கிண்டுகிறவன்கூட நிறுத்திவிட்டுக் கேட்பான். பத்திரம் எழுதுகிற எவனும் முதலில் படிக்கிற பாடம் ஒன்று உண்டு. எழுதியதில் ஒரு சொல்லை அடித்தால், கடைசியில், இத்தனாவது வரியில் ஒரு சொல் அடித்தல் என்று எழுதி, அடித்தவர் பெயர் போட வேண்டும். சொல்லாமல் அடித்தது செல்லாது. இருபது வருஷமாக ஊருக்கெல்லாம் நான் சொல்லிக்கொடுத்த பாடம் இது.

என் அம்மா ஆவுடையம்மாள். அவளைப் பெற்றவள் பேர் பேச்சியம்மாள். பதினாலில் ஒருத்தி என்று எனக்குத் தெரியும், அந்த ஒருத்தி என்று தெரியாது. என் தாத்தாதான் கற்பூரத்தைப் பொய்யாக அணைத்தவர் என்பது, என் மகள் குழல்வாய்மொழிக்குச் சங்கரன்கோயிலில் சம்பந்தம் முடிவாகி, நிச்சயதார்த்தத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது, ஆவணி மூன்றாம் தேதி காலையில் தெரிந்தது. ‘அவள் மகள் ஆவுடையம்மாள், பிரமோதூத வருஷம்.’ பன்னிரண்டாம் வரி.

நான் கடைத்தெருவில் கேள்விப்பட்டு வீட்டுக்கு ஓடி வந்தால், அம்மா குளித்து நல்ல சேலை கட்டித் தலையில் கனகாம்பரம் வைத்து உட்கார்ந்திருக்கிறாள். அவளுக்கு முன்பே தெரியுமாம், அவள் அம்மா சொல்லியிருக்கிறாளாம், இந்த வருஷம் எப்போது வரும் என்று காத்திருந்தாளாம். விடிந்ததும் போய்ப் பார்த்துவிட்டும் வந்துவிட்டாள்.

“எம்பேரு கல்லுல விழுந்திருக்குய்யா” என்றாள். “தொட்டுப் பாத்தேன். முதல் எழுத்து நல்லா வளைஞ்சு வளைஞ்சு இருக்கு.”

அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அவள் பெயரில் நிலம் இல்லை, வீடு இல்லை. ரேஷன் கார்டில் அவள் பெயரை ஆண்டியம்மாள் என்று போட்டிருந்தார்கள், திருத்தித் தருகிறேன் என்று நான் பத்து வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஊருக்கெல்லாம் எழுதிய நான் என் அம்மா பெயரை ஒரு தாளில்கூட எழுதியதில்லை. நாங்கள் எழுதுகிற பத்திரத்தில் தகப்பன் பெயர்தான் வரும், லக்கினப் பத்திரிகையிலும் அப்படித்தான். அவள் பெயர் ஒழுங்காக எழுதப்பட்ட இடம் உலகத்திலேயே அந்தக் கல் ஒன்றுதான். இதையெல்லாம் இப்போது சொல்கிறேனே தவிர அன்றைக்கு யோசிக்கவில்லை. அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம் பத்து நாளில் சங்கரன்கோயிலிலிருந்து ஆள் வரும், கல்லைப் பார்க்கும், திரும்பிப் போகும் என்பதுதான்.

மற்றப் பதிமூன்று பேச்சியம்மாள் வீடுகளிலும் வெடி போட்டார்கள். முப்பத்து மூன்று வருஷத்துச் சந்தேகம் தீர்ந்த சந்தோஷத்தில் ஒரு வீட்டில் கேசரி கிண்டி எங்களுக்கும் ஒரு கிண்ணம் கொடுத்துவிட்டார்கள். பெரிய இடத்து ரத்தம்லா, கலர் பாத்தாலே தெரியுமே என்று பார்பர் கடையில் சொன்னார்கள். நான் பெஞ்சில் குனிந்த தலை நிமிராமல் எழுதினேன். அம்மாவோ தினமும் காலையில் ஒரு முழம் கனகாம்பரத்தோடு கல்லறைத் தோட்டத்துக்குப் போய், பன்னிரண்டாம் வரியை விரலால் தடவிவிட்டு வந்தாள். ஆறாம் நாள் அவள் கோழிக்கு அரிசி போட்ட இடத்தில் மண்ணில் ‘ஆ’ என்று கோணலாக ஓர் எழுத்து கிடந்ததைப் பார்த்தேன். பார்த்தும், புதன்கிழமை உச்சிவெயிலில், ஊர் சாப்பிட்டுவிட்டுக் கண்ணயர்ந்த நேரத்தில், அம்மி கொத்துகிற உளியையும் சுத்தியலையும் துண்டில் சுற்றிக்கொண்டு போனேன்.

மேலே இரண்டு வரியைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. சொத்துத் தொடர்ச்சியில் ஒரு கண்ணி அறுந்தால் போதும், கீழே இருப்பவனை யாரும் பிடிக்க முடியாது, அது என் தொழில். ஆவுடையம்மாள் என்று ஏழு எழுத்து. புள்ளி வைத்த எழுத்தில் தொடங்கிக் கடைசியிலிருந்து முன்னுக்குப் போனேன், வளைந்து வளைந்து இருந்த அந்த ‘ஆ’ வந்தபோது கை கொஞ்சம் நின்றது, பிறகு அதையும் கொத்தினேன். அவள் மகள் என்பதையும் வருஷத்தையும்கூட விடவில்லை. கொத்திய இடம் வெளுத்துத் தெரிந்தது, தேங்காய் எண்ணெயில் அடுப்புக்கரியைக் குழைத்துப் பூசிவிட்டு வந்தேன். ஒருவர் பேனாவால் இல்லை என்று எழுதினார், ஒருவர் கற்பூரத்தால் இல்லை என்றார், எனக்கு உளி கிடைத்தது. நான் அந்த வம்சம் என்பதற்கு வேறு அத்தாட்சி தேவையில்லை.

வியாழக்கிழமை காலையில் அம்மா கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்தாள். பூ அப்படியே கையில் இருந்தது, விரல் நுனியில் கரி ஒட்டியிருந்தது.

“கல்லு என் பேரை மறந்துட்டு போலய்யா” என்றாள்.

வெயிலுக்குப் பொடிந்து உதிர்ந்திருக்கும், சில கல் அப்படித்தான் என்று நான் சொன்னேன். அவள் சரி என்று தலையாட்டிவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு நிச்சயதார்த்தப் பலகாரத்துக்கு மாவு சலிக்கப் போனாள். நான் சொன்னதை அவள் நம்பினாள் என்பதுதான் இன்றுவரை எனக்கு ஆறவில்லை.

வெள்ளிக்கிழமை சங்கரன்கோயில்காரர்கள் வேனில் வந்து இறங்கினார்கள். மாப்பிள்ளையின் தாய்மாமன் உலகநாதன், வெற்றிலையைக்கூட வாயில் போடாமல் நேரே கல்லறைத் தோட்டத்துக்குப் போய், பதினொரு வரி இருக்கிறது, பன்னிரண்டு வெறும் கல்லாக இருக்கிறது என்று பார்த்துவிட்டு வந்து தலையசைத்தார். ஊர்க்காரர்கள் அத்தனை பேரும் உட்கார்ந்திருந்தார்கள், அத்தனை பேருக்கும் தெரியும், ஒருவரும் மூச்சு விடவில்லை. நான் லக்கினப் பத்திரிகையை எடுத்து வாசித்தேன். என் பாட்டனார் பெயரையும் என் தகப்பனார் பெயரையும் என் பெயரையும் சொல்லி, குமாரத்தி திருவளர்ச்செல்வி குழல்வாய்மொழி என்று முடிக்கிறவரை குரல் எங்கேயும் இடறவில்லை. அது இடறியிருந்தால் இன்றைக்கு என்னைப் பற்றி நானே கொஞ்சம் நல்லபடியாக நினைத்துக்கொள்ள இடம் இருந்திருக்கும். பெண்கள் வரிசையில் கடைசியில் உட்கார்ந்திருந்த அம்மா கேட்டுக்கொண்டிருந்தாள். தட்டு மாற்றினோம்.

இலையில் பாயசம் விழுகிற நேரத்தில் கல்லறைத் தோட்டத்துக் காவலாளி அந்தோணிமுத்து வந்து வாசலில் நின்றான். புதுசா ஒரு வரி விழுந்திருக்கு என்று மட்டும் சொன்னான். யாருக்கும் வருஷம் திரும்பவில்லையே, யார் பெயர் என்று கேட்டதற்கு அவன் என் முகத்தைப் பார்த்தான். சாப்பாட்டுப் பந்தி பாதியில் எழுந்தது. பாயசம் இலையில் கிடக்க, மாப்பிள்ளை வீடும் பெண் வீடும் ஊரும் ஒன்றாக நடந்தது. அம்மாவும் என் மகள் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். நான் எல்லாருக்கும் பின்னால் போனேன்.

பன்னிரண்டாம் வரி வெறுமையாகவே இருந்தது. அதற்குக் கீழே பதிமூன்றாவதாக, புதிதாக, எழுத்து ஒவ்வொன்றும் விரல் புதைகிற ஆழத்தில் இப்படி இருந்தது: ‘பன்னிரண்டாம் வரியில் ஒரு பெயர் அடித்தல். அடித்தது மேற்படியாள் மகன் குற்றாலிங்கம்.’

அது நான் இருபது வருஷமாகப் பத்திரங்களின் அடியில் எழுதுகிற வாசகம். ஒரு சொல் கூடவில்லை, ஒரு சொல் குறையவில்லை. ஊரே அதைப் படித்துவிட்டுத் திரும்பி என்னைப் பார்த்தது. பிரபுவின் முகத்தில் ஏறி இறங்காமல் இருந்த சிவப்பு எப்படிப்பட்டது என்று எனக்கு அப்போது தெரிந்தது. உலகநாதன் தோள்துண்டை எடுத்து உதறிப் போட்டுக்கொண்டு என் பக்கத்தில் வந்தார். கோபமாகக்கூடப் பேசவில்லை.

“கல்லுல பேரு இருந்திருந்தா நாங்க எங்களுக்குள்ள பேசி முடிச்சிருப்போம் அண்ணாச்சி. எங்க ஊருல இப்படி ஒரு கல்லு இருந்தா எத்தனை பேரு விழும்னு யாரு கண்டா. பெத்தவ பேரைக் கொத்துன வீட்டுல எங்க புள்ளயை எப்படி விட?”

வேன் அப்படியே கிளம்பிப் போய்விட்டது. மாற்றிய தட்டு அன்று மாலையே திரும்பி வந்தது.

ஆனால் அதெல்லாம் பிறகு. கல்லுக்கு முன்னால் அம்மா நின்றுகொண்டிருந்தாள். என்ன எழுதியிருக்கு, படி என்றாள் பேத்தியிடம். குழலி என்னை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள், இன்னும் அந்தப் பார்வையோடுதான் இருக்கிறாள், பிறகு ஒரு சொல்லையும் விடாமல் படித்துக் காட்டினாள். வெயிலுக்கு உதிரவில்லை என்பது அப்போது அவளுக்குத் தெரிந்திருக்கும்.

“இதுல எம்பேரு இருக்கா?”

“இல்ல ஆச்சி.”

“அவன் பேரு?”

“இருக்கு.”

“எது, காட்டு.”

குழலி அவள் விரலைப் பிடித்து என் பெயரின் மேல் வைத்தாள்.

அதன் பிறகு நான் செய்யாதது இல்லை. அதே உளியை எடுத்துப்போய், பட்டப்பகலில் ஊர் பார்க்க, பன்னிரண்டாம் வரியில் ஆவுடையம்மாள் என்று வெட்டினேன். மறுநாள் அந்த இடம் மழமழவென்று ஆகிவிட்டது. ஏழு முறை வெட்டினேன், ஏழு முறையும் அப்படித்தான். பதிமூன்றாம் வரியைக் கொத்தி எடுக்கப் பார்த்தேன், உளிதான் மழுங்கியது. ரேஷன் கார்டில் பெயரைத் திருத்தினேன். நான் எழுதுகிற ஒவ்வொரு பத்திரத்தின் அடியிலும், எழுதியது ஆவுடையம்மாள் மகன் குற்றாலிங்கம் என்று போடுகிறேன், சார்பதிவாளர் இரண்டு தரம் ஆட்சேபித்துவிட்டு விட்டுவிட்டார். குழலி இரண்டு வருஷம் கழித்து அவளாகப் பார்த்து ஒருவரைக் கட்டிக்கொண்டாள், பத்திரிகை வாசிக்க என்னைக் கூப்பிடவில்லை.

அம்மா என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஏன் என்று கேட்டிருந்தால், காலில் விழுந்திருப்பேன். வெள்ளிக்கிழமை தவறாமல் இப்போதும் கனகாம்பரம் வாங்கிக்கொண்டு கல்லறைத் தோட்டத்துக்குப் போகிறாள். முழங்கால் வலி வந்த பிறகு நான் கூட்டிக்கொண்டு போய்விட்டு வாசலிலேயே நின்றுவிடுகிறேன். அவள் பன்னிரண்டாம் வரியைத் தாண்டி, பதிமூன்றில் என் பெயர் இருக்கிற இடத்தில் பூவை வைத்து, ஒவ்வோர் எழுத்தாக விரலை ஓட்டுகிறாள். போன வாரம் எங்கேயோ வெளியூரிலிருந்து கல்லைப் பார்க்க வந்த ஒருவர் அது என்ன வரி என்று அவளிடம் கேட்டுக்கொண்டிருந்தார். நான் நின்ற இடத்துக்குக் கேட்டது.

“இது எம்மவன் பேரு” என்றாள் அம்மா. “நல்லா ஆழமா விழுந்திருக்கு பாருங்க. அழியாது.”